தளபதிக்கும் டிரான்ஸ்ஃபர்!

சென்னை மஞ்சளில் சஞ்சு சாம்சன், ராஜஸ்தான் இளஞ்சிவப்பில் ரவீந்திர ஜடேஜா. ஒரு டிரேட் அறிவிப்பு சிங்கப்பூரின் தேக்காவை இரண்டாகப் பிரித்திருக்கிறது. ஆட்டக்காரரை அணி மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கரை மணி. ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. தொலைக்காட்சியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். 124 ஓட்டம் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 93க்குச் சுருண்டு, தென்னாப்பிரிக்காவிடம் 30 ஓட்டத்தில் தோற்றுப்போகிறது. வேறொரு ஞாயிறாக இருந்தால் இந்தத் தோல்வி ஒன்றே இரவு வரைக்கும் பேச்சுக்குப் போதும். அன்று பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் டெஸ்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. திரையில் ஜடேஜா தென்படும்போதெல்லாம் மேசைக்கு மேசை ஒரு முணுமுணுப்பு. முதுகில் 8ஆம் எண் போட்ட மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கோழிக் குழம்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப வித்துட்டாங்களா?” எதிரே இருந்தவர் நிதானமாகத் திருத்தினார்: “விக்கலண்ணே. டிரான்ஸ்ஃபர்.”

முதல் நாள் சனிக்கிழமைதான் அறிவிப்பு வந்திருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸின் ஜடேஜாவும் இங்கிலாந்தின் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு. அங்கே அணித்தலைவராக இருந்த சஞ்சு சாம்சன் சென்னைக்கு. 2024 ஏப்ரலில் சென்னை அணியே அதிகாரபூர்வமாக ‘கிரிக்கெட் தளபதி’ என்று பட்டம் சூட்டிய ஆட்டக்காரர், பத்தொன்பது மாதத்தில் இன்னோர் அணியின் சொத்து.

ஜடேஜாவின் மேல் தேக்காவுக்கு இருக்கும் பாசத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் மழையில் நனைந்து, நள்ளிரவைத் தாண்டி இழுத்தது. மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டும். ஜடேஜா ஓர் ஆறு, ஒரு நான்கு அடித்தார். அகமதாபாத்தில் அப்போது பின்னிரவு ஒன்றரை மணி. சிங்கப்பூரில் விடிகாலை நான்கு. தொழிலாளர் விடுதிகளில் கண் விழித்துப் பார்த்தவர்களுக்குத் தூங்க நேரம் மிச்சமில்லை. கோப்பையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பல் துலக்கி நேராக லாரி ஏறியவர்கள் ஏராளம். அப்படிச் சம்பாதித்த பாசம் இது.

நாலு கோடி எங்கே போனது?

உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்கைப் பார்ப்போம். சாம்சனின் விலை 18 கோடி ரூபாய். மாறாமல் அப்படியே சென்னைக்கு வந்தது. கரனின் விலை 2.4 கோடி, அதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். சென்னையில் 18 கோடி வாங்கிய ஜடேஜா, ராஜஸ்தானில் 14 கோடிக்குச் சம்மதித்தார்.

சென்னை கொடுத்துக்கொண்டிருந்தது 18 கோடியும் 2.4 கோடியும், ஆக 20.4 கோடி. இனிமேல் கொடுக்கப்போவது 18 கோடி. மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் கொடுத்துக்கொண்டிருந்தது 18 கோடி. இனிமேல் 14 கோடியும் 2.4 கோடியும், ஆக 16.4 கோடி. மிச்சம் 1.6 கோடி. இரு அணிகளின் மிச்சத்தையும் கூட்டினால் சரியாக 4 கோடி வருகிறது. ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்க 125 கோடிதான் உச்சவரம்பு என்கிற லீகில், 2025 டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துக்கு முன்னால் இந்த மிச்சத்துக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. இரண்டு அணிக்கும் லாபம் தரும் பேரம் என்றால் நட்டம் எங்கோ இருந்தாக வேண்டும். அது ஒரே ஆளின் ஊதியத்தில் இருக்கிறது.

கணக்கில் வராத நட்டமும் இருக்கிறது. ஓர் அணியில் வெளிநாட்டவர் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ராஜஸ்தானில் அந்த எட்டு இடமும் நிரம்பியிருந்தன. கரனுக்கு இடம் வேண்டுமென்றால் யாராவது எழுந்துகொள்ள வேண்டும். டிரேட் அறிவிப்பு வந்த அன்றே வெளியான விடுவிப்புப் பட்டியலில் இலங்கையின் வனிந்து ஹசரங்கவும் மகீஷ் தீக்ஷனவும் இருந்தார்கள். சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் நடந்த கைமாற்றத்தில் இலங்கைக்காரர்களுக்கும் வேலை போனதை நம்மூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று குற்றம், இன்று ஒப்பந்தம்

ஜடேஜா ராஜஸ்தானுக்குப் புதியவர் அல்லர். 2008இல் ஷேன் வார்னின் தலைமையில் முதல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் 19 வயதுப் பையனாக இருந்தவர். அடுத்த ஆண்டும் அங்கேயே ஆடினார். அதன்பிறகு நடந்ததைத்தான் இப்போது எல்லாரும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், இன்னோர் அணியோடு தானாகவே பேசினார் என்பது குற்றச்சாட்டு. தண்டனையாக 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை.

இருபத்தொரு வயதில் ‘எனக்கு வேறு அணி வேண்டும்’ என்று தானே வழி தேடியவருக்கு ஓராண்டு வேலையில்லை. முப்பத்தாறு வயதில் அணிகள் தமக்குள் பேசி முடித்து அவரை அதே ராஜஸ்தானுக்கு அனுப்புகின்றன. அதற்குப் பெயர் டிரேட். விதி மீறினால் தண்டனை உண்டு என்பதில் தகராறு இல்லை. அந்த விதி யார் பக்கமிருந்து எழுதப்பட்டது என்பதே கேள்வி. தடை முடிந்ததும் 2011இல் கொச்சி அணி 9,50,000 டாலருக்கு அவரை எடுத்தது. அந்த அணி ஒரே சீசனில் கலைந்தது. 2012இல் சென்னை 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2016, 17இல் சென்னை அணி தடையில் இருந்தபோது குஜராத் லயன்ஸ். 2018இலிருந்து தொடர்ச்சியாகச் சென்னை. 2018, 2021, 2023 என மூன்று கோப்பைகள். 2022இல் எட்டு ஆட்டத்துக்கு மட்டும் அணித்தலைவர் பதவி, பிறகு அதுவும் தோனியிடமே திரும்பியது.

சேப்பாக்கம் ரசிகர்களுக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. அடுத்து தோனி வருவார் என்பதற்காகவே, இவர் ஆடிக்கொண்டிருக்கும்போது அவுட்டாக வேண்டும் என்று அரங்கம் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஜடேஜாவே அதைச் சிரித்துக்கொண்டே பரிசளிப்பு மேடையில் சொன்னார். நாமும் சிரித்தோம். இப்போது அழுகிறோம்.

பெட்டிச் செய்தி: ஐபிஎல் டிரேட் நடப்பது இப்படித்தான்

• சீசன் முடிந்து 7 நாள் கழித்து டிரேட் சாளரம் திறக்கும். ஏலத்துக்கு 7 நாள் முன்பு மூடும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை நீளும்.

• அந்த ஏலத்தில் வாங்கிய ஆளை அந்தச் சாளரத்திலேயே கைமாற்ற முடியாது.

• ஓர் அணி விருப்பம் தெரிவிக்கும். மறு அணி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். இந்திய கிரிக்கெட் வாரியம் அனுமதிக்க வேண்டும்.

• ஆளுக்கு ஆள் மாற்றலாம், முழுக்கப் பணமாகவும் கொடுக்கலாம். அணிக்கு அணி கைமாறும் தொகை 125 கோடி வரம்புக்குள் வராது. வெளியில் சொல்ல வேண்டியதும் இல்லை.

• முதல் கைமாற்றங்கள் 2009இல் நடந்தன. ஜாகீர் கான் மும்பைக்கும் ராபின் உத்தப்பா பெங்களூருக்கும் இடம் மாறினார்கள். ஆஷிஷ் நெஹ்ரா டெல்லிக்கும் ஷிகர் தவன் மும்பைக்கும் போனார்கள்.

பலஸ்டியர் சாலையிலிருந்து ஷார்ஜாவுக்கு

சீசன் தொடங்கிவிட்டால் டிரேட் கிடையாது. ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படுவதில்லை. காயம்பட்டவருக்கோ வர முடியாதவருக்கோ மாற்று ஆள் எடுக்கலாம். விலகியவரின் விலைக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஒரு சிங்கப்பூரர் ஐபிஎல்லுக்குள் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் சாலையைப் பிடித்து வடக்கே நடந்தால் பலஸ்டியர் சாலை. அங்கேதான் 1923இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 29ஆம் தேதி, மழையால் 18 ஓவராகக் குறைந்த ஆட்டத்தில் சிங்கப்பூர் அணி ஜிம்பாப்வேயை 4 ஓட்டத்தில் வென்றது. டெஸ்ட் ஆடும் நாடொன்றைச் சிங்கப்பூர் வென்றது அதுதான் முதல்முறை. அந்த அணியில் டிம் டேவிட் இருந்தார். சிங்கப்பூரில் பிறந்தவர், பெர்த்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தையும் 1997 ஐசிசி கோப்பையில் சிங்கப்பூருக்காக ஆடியவர்.

2021 ஆகஸ்டில் பெங்களூர் அணிக்கு ஃபின் ஆலன் வர முடியாமல் போனார். மாற்று ஆளாக டிம் டேவிட் பெயர் வந்தது. ஐபிஎல் அணியொன்றில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் ஆட்டக்காரர். அதே அறிவிப்பில், அதே மாற்று விதியின் கீழ் பெங்களூருக்கு வந்த இன்னொரு பெயர் ஹசரங்க! டேவிட் அந்த சீசனில் ஆடியது ஒரே ஆட்டம். ஷார்ஜாவில், நம் சென்னைக்கு எதிராக. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஏலத்தில் 40 லட்சம் அடிப்படை விலைக்காரரை மும்பை 8.25 கோடி கொடுத்து வாங்கியது. இன்று அவர் ஆஸ்திரேலியாவின் ஆட்டக்காரர். பலஸ்டியர் சாலை மைதானத்தைக் கடக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மாற்று ஆள் விதி சென்னைக்கும் கைகொடுத்திருக்கிறது. 2025இல் பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில், சென்னை முதல்முறையாக முடித்த அந்த மறக்க வேண்டிய சீசனில் ஆறுதலாக வந்த ஆயுஷ் மாத்ரேயும் டிவால்ட் பிரெவிஸும் மாற்று ஆட்கள்தாம். தமிழகத்தின் வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் காயம்பட்டதால், அவருடைய 2.2 கோடியில் பிரெவிஸ் வந்தார். பின்னர் ஆகஸ்டில் அஸ்வின் தன் யூடியூப் சேனலில், பிரெவிஸைப் பிடிக்கச் சென்னை கூடுதலாகக் கொடுக்க முன்வந்தது என்கிற பொருள்பட ஏதோ சொல்லப்போக, எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று அணி அறிக்கை விட வேண்டியதாயிற்று. அந்த மாதமே அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு அறிவித்தார். இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பேசுபவர்கள் பேசட்டும். நமக்கு அதில் ஆதாரம் இல்லை.

சீசனின் கடைசியில் ஆள் சேர்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த 2025 சீசனே ஓர் எடுத்துக்காட்டு. மே மாதம் இந்திய, பாகிஸ்தான் மோதலால் லீக் ஒரு வாரம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது வெளிநாட்டவர் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள், அல்லது நாட்டுக்காக ஆடப் போக வேண்டியிருந்தது. ‘தற்காலிக மாற்று’ என்று ஒரு சலுகை பிறந்தது. சீசன் முடிந்ததும் அவர்களைத் தக்கவைக்க முடியாது என்பது நிபந்தனை. மே 30, வெளியேற்று ஆட்டம். மும்பைக்கு ஜானி பேர்ஸ்டோ, குஜராத்துக்கு குசல் மெண்டிஸ். லீக் சுற்றில் அந்த அணிகளைச் சுமந்த வில் ஜாக்ஸும் ஜோஸ் பட்லரும் அங்கே இல்லை. பேர்ஸ்டோ 22 பந்தில் 47 விளாசினார். மெண்டிஸ் தன் ஸ்டம்பைத் தானே மிதித்து அவுட்டானார். குஜராத் வீட்டுக்குப் போனது. இரண்டு மாதம் ஆடிய அணியின் விதியை நேற்று வந்தவர்கள் முடிவு செய்தார்கள். அது நியாயமா என்று கேட்டால், அந்தச் சூழலில் வேறு வழியில்லை என்பேன். எப்போதும் இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றால் கூடாது.

இரவல் முறை என்று ஒன்றும் ஏட்டில் உண்டு. ஒவ்வோர் அணியும் ஏழு ஆட்டம் ஆடியபின், அதுவரை இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை இன்னோர் அணிக்கு அந்த சீசனுக்கு மட்டும் கொடுக்கலாம். 2020இல் அந்தச் சாளரம் திறந்தபோது, சென்னையில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த இம்ரான் தாஹிரை யாராவது கேட்பார்களா என்று நாமெல்லாம் பேசினோம். தாஹிரோ, எனக்காக முன்பு பலர் தண்ணீர் தூக்கினார்கள், இப்போது என் முறை என்று எழுதிவிட்டுச் சிரித்தார். அந்த ஆண்டு யாரும் யாருக்கும் ஆள் கொடுக்கவில்லை. போட்டிக்காரனைப் பலப்படுத்த எந்த முதலாளிக்கு மனம் வரும்?

ஆகஸ்ட் 31, நள்ளிரவு

மனம் வரும் நாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் இந்தக் கைமாற்றத்தை ஒரு நூற்றாண்டாகச் செய்து வருகிறது. அங்கே சீசன் மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை, அணிக்கு 162 ஆட்டம். ஜூலை மாதம் வரும்போதே யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பது தெரிந்துவிடும். தேறாத அணி தன் நட்சத்திரத்தைத் தேறும் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு இளைஞர்களை வாங்கி வருங்காலத்துக்கு விதைக்கும். கெடு ஏறக்குறைய ஜூலை இறுதி. ஐபிஎல்லில் சீசன் முடிந்த பிறகு நடப்பது அங்கே சீசன் கொதிநிலையில் இருக்கும்போது நடக்கிறது.

2018 வரை அந்தக் கெடுவுக்குப் பிறகும் ஒரு பின்வாசல் இருந்தது. அதன் பெயர் வேவர். ஓர் ஆட்டக்காரரை அணி ‘வேவரில் போடும்’. எல்லா அணிகளுக்கும் அவர் பெயர் போகும். கேட்கும் அணிகளில் பட்டியலின் அடியில் இருப்பதற்கே முதல் உரிமை. யாராவது கேட்டால், சொந்த அணி அவரோடு டிரேட் பேசலாம், சும்மாவே கொடுத்துவிடலாம், ‘மன்னிக்கவும், தெரியாமல் போட்டுவிட்டோம்’ என்பதுபோல் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். யாரும் கேட்காவிட்டால் யாரோடு வேண்டுமானாலும் டிரேட் செய்யலாம். இறுதிச் சுற்றில் ஆட வேண்டுமானால் ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குள் புதிய அணியில் சேர்ந்திருக்க வேண்டும்.

2017 ஆகஸ்ட் 31 இரவு, டெட்ராய்ட் அணிக்குப் பதின்மூன்று சீசன் பந்து வீசிய ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டனுக்கு மாறினார். மாற மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார். கெடுவுக்குச் சில நொடிகள் இருக்கும்போது ஒப்பந்தம் பதிவானது. இரண்டு மாதத்தில் ஹூஸ்டன் தன் முதல் உலகத் தொடரை வென்றது. அந்தக் கோப்பையின்மேல் பின்னால் சைகைத் திருட்டுக் கறை படிந்தது, அது வேறு கதை. 2019இலிருந்து இந்தப் பின்வாசலை அடைத்துவிட்டார்கள். கெடு ஒன்றே ஒன்று.

அடைத்தபின்னும் சந்து கண்டுபிடித்தார்கள். லூகஸ் ஜியோலிட்டோ என்ற பந்துவீச்சாளரை 2023 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி, கோப்பைக் கனவோடு சிகாகோவிலிருந்து டிரேடில் வாங்கியது. ஒரே மாதத்தில் கனவு கலைந்தது. சம்பளப் பட்டியல் வரி வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அவரையும் இன்னும் சிலரையும் வேவரில் போட்டார்கள். கிளீவ்லாண்ட் அணி மூன்று பேரை ஒரேயடியாக அள்ளிக்கொண்டது. பதிலுக்கு யாரையும் தர வேண்டியதில்லை, மீதிச் சம்பளத்தை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். ஜியோலிட்டோவுக்கு ஆறு வாரத்துக்குள் மூன்று ஊர், மூன்று சட்டை.

பெட்டிச் செய்தி: ஒரே ஆட்டம், இரண்டு அணி!

2024 ஜூன் 26, பாஸ்டன். டொரான்டோ அணிக்காக டேனி ஜான்சன் மட்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது மழை. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இடையில் ஜூலையில் அவர் பாஸ்டனுக்கே டிரேட் ஆனார். ஆகஸ்ட் 26 அன்று ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, அவர் தொடங்கிய முறையை டொரான்டோவின் வேறொருவர் ஆடினார். எதிரணியின் கேட்சராக அவருக்குப் பின்னால் குந்தியிருந்தவர் ஜான்சன். ஒரே ஆட்டத்தில் இரு அணிக்கும் ஆடிய முதல் பெரிய லீக் ஆட்டக்காரர் என்று பதிவானது.

‘மாட்டேன்’ என்றவர்

வெர்லாண்டருக்கு யோசிக்க நேரம் கிடைத்ததே, அந்த நேரம் சும்மா வரவில்லை. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி, பன்னிரண்டு ஆண்டு தனக்காக ஆடிய கர்ட் ஃபிளட்டை அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. கறுப்பினத்தவரான ஃபிளட் மறுத்தார். வாங்கவும் விற்கவும் நான் ஒரு பண்டம் அல்ல என்கிற பொருளில் லீக் தலைவருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972இல் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டே ஒரு விதி வந்தது: லீகில் பத்து ஆண்டு, அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது.

அந்த அளவுகோலை எடுத்து ஜடேஜாமேல் வைத்துப் பாருங்கள். லீகில் பத்து ஆண்டுக்கு மேல். சென்னையில் தொடர்ச்சியாக எட்டு சீசன். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடியிருந்தால் அவர் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுச் சேப்பாக்கத்திலேயே இருந்திருக்கலாம், அதே சம்பளத்தில்.

ஐபிஎல்லிலும் கையெழுத்து வேண்டுமே என்று கேட்கலாம். வேண்டும்தான். பேசித்தான், இசைவோடுதான் செய்தோம் என்று சென்னை அணியின் தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதனும் சொல்லியிருக்கிறார். அதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. சாம்சன் விஷயத்தில் மாற்றத்தை விரும்பியவரே அவர்தான் என்பது மாதக்கணக்கில் அடிபட்ட செய்தி. ஹர்திக் பாண்டியா 2023 நவம்பரில் குஜராத்திலிருந்து மும்பைக்கு விரும்பித்தான் போனார். 15 கோடி சம்பளம், அணிகளுக்கிடையில் எவ்வளவு கைமாறியது என்பது ரகசியம். (ரோகித் சர்மாவின் இடத்தில் உட்கார்ந்ததற்காக வான்கடே அரங்கமே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டதும், மும்பை கடைசி இடத்தில் முடிந்ததும் உபரிச் செலவு.) ஆக, டிரேட் என்றாலே கொடுமை என்று சொல்லவரவில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? அணி அவரை விடுவிக்கலாம். விடுவித்தால் ஏலம். முப்பத்தாறு வயதில், பாதி காலியான பைகளோடு வரும் அணிகளுக்கு முன்னால், யார் எவ்வளவு கேட்பார் என்று தெரியாமல் நிற்க வேண்டும். ஏலத்தில் மாட்டைப்போல் நிற்பது மாதிரி இருந்தது என்று 2022இல் உத்தப்பா மனம்விட்டுச் சொன்னார். எருமை வியாபாரத்தின் பெயரையே இன்னும் இரண்டு சாலைகளுக்கு வைத்திருக்கும் லிட்டில் இந்தியாவில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மறுத்தால் போகக் கௌரவமான இடம் ஒன்று இருந்தால்தான் சம்மதத்துக்கு எடை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, மறுப்புரிமை இருக்கிறது, ஆறு ஆண்டு முடித்தால் எந்த அணியோடும் தானே பேசலாம். ஐபிஎல் ஆட்டக்காரருக்கு முதலும் கடைசியும் இல்லை, மறுப்புரிமையோ பெயரளவுக்குத்தான்.

ரசிகர்களின் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. விஜய் சங்கரும் இளைஞர் ஆந்த்ரே சித்தார்த்தும் சென்னையின் விடுவிப்புப் பட்டியலில், அஸ்வின் ஓய்வில். சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர், ஷாருக் கான் என நான்கு தமிழகத்தார் குஜராத் சட்டையில். “சென்னை அணியில் தமிழ் பேச ஆள் வேண்டுமென்றால் அகமதாபாத்துக்கு டிக்கெட் போடணும்” என்று தேக்காவில் ஒரு நக்கல் ஓடுகிறது. டிசம்பர் ஏலத்துக்கு 43.4 கோடி கையில் வைத்திருந்த அணி இதைக் காதில் போட்டுக்கொண்டால் நல்லது.

தேக்காவுக்குத் தெரிந்த சாளரம்

‘விக்கலண்ணே, டிரான்ஸ்ஃபர்’ என்ற திருத்தம் கிரிக்கெட் அறிவில் வந்ததல்ல. சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருக்கும் எவருக்கும் அது அன்றாடச் சொல். பர்மிட் ஒரு முதலாளியின் பெயரில் இருக்கும். வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்றாலும், இடையில் மாறுவதற்குப் பழைய முதலாளி சம்மதிக்க வேண்டும். முன்பெல்லாம் பர்மிட் முடியும்போதும் இதே கதைதான். சம்மதம் கிடைக்காதவர் ஊருக்குப் போய், மறுபடி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி வர வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 2017இல் ஒரு சாளரம் திறந்தது. பர்மிட் முடிய 40 நாளுக்கும் 21 நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், புதிய முதலாளி விண்ணப்பித்தால் பழையவரின் சம்மதம் தேவையில்லை.

பதினான்கு கோடிக்காரரையும் லாரியில் போகிறவரையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். ஜடேஜாவுக்கு இழப்பு நான்கு கோடி. மிச்சமிருப்பது ஏழு தலைமுறைக்கு. இங்கே ஒரு மாதச் சம்பளம் தவறினால் ஊரில் வட்டி ஏறும். ஆனால் முடிச்சு ஒன்றுதான். வேலை செய்கிறவர் தானாகப் போய் இன்னோர் இடத்தில் பேச எத்தனை நாள் அனுமதி? ஐபிஎல்லில் அணியின் பட்டியலில் இருக்கும்வரை பூஜ்யம் நாள். 2010இல் ஜடேஜா கற்ற பாடம் அது. கட்டுமானத் தொழிலாளிக்கு ஏறக்குறைய இருபது நாள். இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு இந்திய கிரிக்கெட் வாரியத்தைவிடத் தாராளமாக நடந்திருக்கிறது.

இருபது நாள் போதுமா? ஆறு நாள் வேலை செய்து, ஞாயிறு மட்டும் வெளியே வரும் ஆளுக்கு அதில் கிடைப்பது அதிகம் போனால் மூன்று ஞாயிறு. அதற்குள் வேலை தேடி, விசாரித்து, கம்பெனியை நம்பி, காகிதம் முடிய வேண்டும். நீட்டிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை இருக்கிற சாளரத்தையாவது தவறவிடாமல் இருக்கலாம். தேதி தெரியாமலே தவறவிடுகிறவர்கள் உண்டு.

பெட்டிச் செய்தி: டிரான்ஸ்ஃபருக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

• கட்டுமானத் தொழிலாளர்களுக்கு: பர்மிட் முடிய 40 நாளுக்கு மேல் இருந்தால் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும். 40 முதல் 21 நாள் வரை வேண்டாம். 21 நாளுக்குக் குறைந்துவிட்டால் மறுபடி வேண்டும்.

• சிங்கப்பூர் ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம், பர்மிட்டின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். எவ்வளவு நீண்ட பர்மிட்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது.

• வேலை கொடுக்கவோ புதுப்பிக்கவோ முதலாளி பணம் கேட்பது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

• பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். சந்தேகம் என்றால் மனிதவள அமைச்சிலோ, வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ கேளுங்கள்.

ஏலத்தில் சென்னை யாரை எடுக்கும் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தோம். அதைவிட முக்கியமாக உங்கள் பர்மிட் முடியும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து நாற்பது நாளைப் பின்னோக்கி எண்ணி, அந்த நாளைக் கைபேசியில் குறித்துவையுங்கள். அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.